நீங்கள் தடுத்த இடங்கள்

சம்பந்தி,

காணாமல் போன அந்த வெள்ளைக் காய் கிடைத்துவிட்டது.

இன்று காலை டெம்போவின் சீட்டுக்குப் புது ரெக்சின் போடக் கொடுத்திருந்தேன். பழைய உறையைக் கிழித்துப் பஞ்சை வெளியே எடுத்த குஷன் கடைக்காரர், ஸ்பிரிங்குகளுக்கு நடுவிலிருந்து எதையோ நோண்டி எடுத்தார். லுங்கியில் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்னாண்ணே இது, மாத்திரையா, பட்டனா?" என்று என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளையாக, வழுவழுவென்று, இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்துக்கொண்டு இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இதைத் தேடி நீங்களும் நானும் உங்கள் வீட்டு முன்னறையில் சோபாவுக்கு அடியில் தவழ்ந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் எடுத்து ஒளித்துவிட்டேன் என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் வீட்டுப் பூனை விழுங்கிவிட்டது என்று நான் சொன்னேன். நூற்று எண்பது வெள்ளைக் காயில் ஒன்று குறைந்தால் ஆட்டம் ஒன்றும் நின்றுவிடாது. பாதி ஆட்டங்களில் நூறு காய் கூட நமக்குத் தேவைப்பட்டதில்லை. ஆனாலும் நீங்கள் விடவில்லை. கடைசியில் சம்பந்தியம்மா உங்கள் பழைய யூனிபார்ம் சட்டையிலிருந்து ஒரு பித்தானை அறுத்துக் கொடுத்த பிறகுதான் வீட்டில் அமைதி வந்தது.

கிடைத்த செய்தியைச் சொல்வதற்கு உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் சம்பந்திகள் ஆனதே நம்மைக் கேட்காமல்தான். பெங்களூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்த என் மகன் செந்திலும் உங்கள் மகள் ஷந்தாலும் ஒருநாள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் இரண்டு வீட்டுக்கும் போன் செய்தார்கள். நாங்கள் திருக்கனூர்ப் பக்கத்தில் நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பம். நீங்கள் குருசுக்குப்பத்தில் பிரெஞ்சு பேசுகிற, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற குடும்பம். நீங்கள் ஒரு வருஷம் மகளோடு பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. நான் மகனோடு பேசினேன், திட்டுவதற்கு மட்டும். நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

பிறகு பேத்தி பிறந்தாள். சுனாமிக்கு முந்தைய வருஷம். பிரசவத்துக்கு ஷந்தால் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் மனைவி மூன்றாம் நாளே கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "நான் பேத்தியப் பாக்கப் போறேன். நீங்க வண்டி எடுக்கறீங்களா, நான் பஸ்ல போவட்டுமா?" என்றாள். எடுத்தேன்.

அவள் வந்ததும் உள்ளறைக்குப் போய்விட்டாள். முன்னறையில் நீங்களும் நானும். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் செய்தித்தாளை மடித்தீர்கள், பிரித்தீர்கள், மறுபடி மடித்தீர்கள். நான் சுவரில் இருந்த இயேசு படத்தைப் பார்த்தேன், பிறகு காலண்டரைப் பார்த்தேன், பிறகு மறுபடி இயேசுவைப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஷந்தால்தான் குரல் கொடுத்தாள். "அப்பா, சும்மா உக்காந்திருக்கறதுக்கு மாமாவோட அந்த ஆட்டத்த ஆடுங்களேன்."

டீப்பாயில் கட்டம் போட்ட ஒரு பலகையும் இரண்டு டப்பாக்களும் இருந்தன. கம்பெனிக்கு வந்த ஜப்பான்காரர்களிடம் அவள் கற்றுக்கொண்ட ஆட்டமாம். கோ என்று பேர். உங்களுக்காக விதிகளைப் பிரெஞ்சில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏதோ அரசாணையை வாசிப்பது போல ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னீர்கள்.

"கோடும் கோடும் வெட்டற புள்ளியில காய வெக்கணும். ஒருத்தர் மாத்தி ஒருத்தர். வெச்ச காய் நகராது. ஒரு காய சுத்தி நாலு பக்கமும் அடைச்சிட்டா அது போச்சு. கடைசில யாரு அதிகமா எடம் வளைச்சிருக்காங்களோ அவங்க ஜெயிச்சாங்க. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் எழுதியிருக்கு."

விருந்தாளி என்று கறுப்புக் காய்களை என்னிடம் கொடுத்து முதலில் வைக்கச் சொன்னீர்கள். நான் ஓரமாக வரிசை பிடித்து உங்கள் மூலையை நோக்கிப் போனேன். நீங்கள் என் காய்க்கு நேர் முன்னால் ஒரு வெள்ளைக் காயை வைத்து, இடது கையை நிமிர்த்திக் காட்டி, "பர்தோன்" என்றீர்கள். மன்னிக்கணும் என்று அர்த்தம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நான் பக்கத்துப் புள்ளியில் முட்டினேன். "பர்தோன்." மறுபடி முட்டினேன். மறுபடி "பர்தோன்." முடிவில் பார்த்தால் உங்களுக்கு ஒரு நீளமான மதிலும் அதற்குப் பின்னால் பெரிய தோட்டமும் கிடைத்திருந்தன. எனக்குக் கிடைத்தது, அந்த மதிலோரமாக ஒரு கறுப்பு வரிசை. என் காய்களால் நானே உங்களுக்கு மதில் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் என் கவனம் தோல்வியில் இல்லை. அந்தக் கையை நான் எங்கேயோ பார்த்திருந்தேன். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையை முகத்துக்கு நேரே நிமிர்த்துகிற அந்தக் கை.

"நீங்க கனகசெட்டிக்குளம் செக்போஸ்ட்ல இருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"இருவத்தாறு வருஷம்," என்றீர்கள், பெருமையாக.

எனக்கு அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்துவிட்டது. மரக்காணத்தில் என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் என்ற முறையில் மாலையும் பூவும் என் பொறுப்பு. பெரிய மார்க்கெட்டில் விடியும் முன்னே நின்று பொறுக்கி எடுத்த பூக்கூடைகள். பிள்ளைச்சாவடி தாண்டி வேகமாக வந்தவனை உங்கள் கை நிறுத்தியது. எல்லை தாண்டி மது பாட்டில் கடத்துகிறேனா என்று பார்க்க எல்லாக் கூடையையும் இறக்கச் சொன்னீர்கள். அப்புறம் ஓரமாக நிற்கச் சொன்னீர்கள். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றேன். வாடின மாலையோடு போய் இறங்கிய என்னைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். "பூவ நடந்தே எடுத்துட்டு வந்தியாடா?" என்று என் பெரியண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் யாரும் என்னைப் பூ வாங்கச் சொல்லவில்லை.

இதை நான் சொன்னபோது நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "எவ்ளோ வண்டி. எத ஞாபகம் வெக்கறது?" என்றீர்கள். நான் எழுந்து வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்துகொண்டேன். என் மனைவி திருக்கனூர் வரும் வரைக்கும் என்னை வைதாள்.

அடுத்த சனிக்கிழமை நான் மறுபடி வந்ததற்கு எல்லாரும் பேத்திதான் காரணம் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். உண்மையில் வாரம் முழுக்க ஸ்டீயரிங் பிடித்த கையோடு நான் யோசித்தது ஒன்றைத்தான். இந்த மனுஷன் தடுத்தால் என்ன செய்வது?

இரண்டாம் வாரம் பயந்து பின்வாங்கிப் பார்த்தேன். நீங்கள் தடுத்ததும் என் காயை உள்பக்கமாக இழுத்துப் பத்திரமாக வைத்தேன். காய் ஒன்றுகூடச் சாகவில்லை, ஆனால் பலகையில் முக்கால்வாசி உங்களுடையதாகிவிட்டது. அதற்கு அடுத்த வாரம் எனக்கு ஒரு யோசனை. நீங்கள் எதிரே வைத்த காயை முட்டாமல், அதன் தலைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு காயை வைத்தேன், சந்தில் வண்டியை ஒடித்துத் திருப்புவது போல. "பர்தோன்" சொல்ல எடுத்த வாய் அப்படியே நின்றது. "ஓ, இது என்னா புதுசா?" என்றீர்கள். நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டேன். இரண்டு நிமிஷம் கழித்து நீங்கள் என் இரண்டு காய்களுக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒரு வெள்ளையைச் செருகினீர்கள். வளைந்து போன காய் தனியாகிச் செத்துப்போனது.

"வளைங்க, வேணாங்கல," என்றீர்கள். "பின்னால வெட்டு வாங்கற எடம் இருக்கான்னு பாத்துட்டு வளைங்க."

"எதிராளிக்கு யாராவது சொல்லித் தருவாங்களா?"

"நீங்க தோத்துட்டே இருந்தா அடுத்த வாரம் வரமாட்டீங்களே."

ஷந்தாலும் குழந்தையும் பெங்களூர் போன பிறகும் நான் சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தேன். பேத்தி என்கிற சாக்கு இல்லை. அதனால் கத்திரிக்காய், வெண்டைக்காய், ஒரு தார் வாழை என்று எதையாவது எடுத்து வருவேன். சம்பந்தியம்மா காபியும் பட்டர் தடவிய ரொட்டியும் வைத்துவிட்டுப் போவார்கள். நான் வெட்டக் கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில்தான். தடுப்பவர் எப்போதும் பக்காவாகத் தடுப்பதில்லை. அவசரத்தில் ஒரு புள்ளி தள்ளித் தடுத்தால் அவருடைய காய்களுக்கு நடுவிலும் சந்து விழும். அதைக் கண்டுபிடித்து நான் முதன்முதலாகக் கறுப்பைச் செருகிய அன்று நீங்கள் இருபது நிமிஷம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். காபியில் ஆடை படர்ந்தது. உங்கள் ஏழு காய்களை எடுத்து என் டப்பாவில் போட்டேன். நீங்கள் உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னீர்கள். "ஏம்மா, சம்பந்திக்கு இன்னிக்கு ரொட்டி வேணாம்!"

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு வரவே இல்லை. லீவுக்கு வந்திருந்த ஷந்தால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் ஆட்டத்தைப் பார்த்தாள். "மாமா, அவர் தடுத்தா ஒடனே அங்கயே பதில் வெக்கணும்னு சட்டம் இல்ல. முழுப் பலகையும் பாருங்க. வேற எங்கயாவது பெரிய எடம் காலியா இருக்கும்," என்றாள். அவள் சொன்னது புரிந்தது. செய்யத்தான் முடியவில்லை. உங்கள் கை நிமிர்ந்த உடனே என் கண்ணுக்கு அந்த ஒரு புள்ளியைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

குழந்தைக்கு ஒரு வயது ஆகப்போகிற நேரத்தில்தான் நாம் அந்த முட்டாள்தனத்தைச் செய்தோம். நீங்கள் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்றீர்கள். நான் எங்கள் குலதெய்வம் அய்யனார் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த வேண்டும் என்றேன். முதலில் ஜாடையாகப் பேசினோம், பிறகு நேராகவே பேசினோம், பிறகு பேசாமல் இருந்தோம். கடைசியில் யார் சொன்னது என்று இப்போது சரியாக ஞாபகம் இல்லை. நான்தான் சொல்லியிருப்பேன். "ஆடிப் பாத்துடலாம், சம்பந்தி. ஜெயிக்கறவர் சொல்றபடி."

இரண்டு சனிக்கிழமை ஓடியது அந்த ஆட்டம். நடுவில் பலகையை அலமாரி மேல் ஏற்றித் துணி போட்டு மூடி வைத்தீர்கள். இரண்டாம் சனிக்கிழமை செந்திலும் ஷந்தாலும் குழந்தையோடு பெங்களூரிலிருந்து வந்துவிட்டார்கள். நாம் குனிந்தபடி உட்கார்ந்திருந்தோம். உங்கள் மூலைக்குள் நான் நுழைகிற இடம். நீங்கள் கையில் வெள்ளைக் காயோடு, தடுப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தீர்கள். அப்போது சம்பந்தியம்மா கதவோரத்தில் நின்று, சாதாரணமாக, "ஷந்தால், உன் பொண்ணு கிறிஸ்தவளா இந்துவான்னு அங்க முடிவாயிட்டிருக்கு," என்று சொன்னார்கள்.

அவள் வந்து பலகையைப் பார்த்தாள். உங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவ்வளவு கோபத்திலும் அவள் கத்தவில்லை.

"என் பொண்ணு என்னா கேரம் போர்டு காயா? யாரு பாக்கெட்டுல போடுவாங்கன்னு பாக்கறீங்களா?"

"அது இல்லம்மா..." என்றீர்கள்.

"எழுந்திருங்க அப்பா. மாமா, நீங்களும். ரெண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் போயி மீன் வாங்கிட்டு வாங்க. ரெண்டு பேரும் சேந்து போவணும், சேந்து வரணும். வஞ்சிரம் இல்லன்னா கொடுவா. நான் சொல்றவரைக்கும் யாரும் இந்தப் பலகைய தொடக் கூடாது."

ஒருவர் செக்போஸ்டில் இருபத்தாறு வருஷம் அதிகாரம் பண்ணினவர். இன்னொருவர் முப்பது வருஷம் லோடு வண்டி ஓட்டினவர். இரண்டு பேரும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் வண்டியில் ஏறினோம்.

மார்க்கெட்டில் நீங்கள் ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்தீர்கள், வாயைத் திறந்து பார்த்தீர்கள், திருப்பிப் போட்டு வாலைப் பார்த்தீர்கள். மீன்காரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "மீனு உள்ள என்னா பாட்டிலா வெச்சிருக்கேன்? எடுத்தா எடு, இல்லன்னா கெளம்பு!" நான் சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் முகமும் கோணியது. சிரிக்கிறீர்களா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டியில் ஏறிய பிறகு தெருவில் நெரிசல். மூட்டை இறக்குகிறவர்கள் குறுக்கே லாரியை நிறுத்தியிருந்தார்கள். நான் ஹாரனை அடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக முன்னால் போனேன். நீங்கள் மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி சொன்னீர்கள்.

"அன்னிக்கும் இப்படித்தான் வந்தீங்க."

"என்னிக்கு?"

"பூக்கூட ஏத்திட்டு வந்த அன்னிக்கு. எனக்கு மொத நாளே ஞாபகம் வந்துடுச்சு சம்பந்தி. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நான் ஹாரனிலிருந்து கையை எடுத்தேன்.

"வண்டில பூவத் தவிர ஒண்ணும் இல்லன்னு பாத்த ஒடனே தெரியும். நான் கைய காட்டனேன். நீங்க நிறுத்தல. ஊர்ந்து ஊர்ந்து முன்னால வந்தீங்க. பம்பர் என் முட்டில இடிச்சிடுச்சு. எஞ்சின நிறுத்திட்டு, சார் நிச்சயதார்த்தத்துக்குப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு நிமிஷத்துல அனுப்பியிருப்பேன்."

"இடிச்சிதா?"

"இடிச்சிது."

இத்தனை வருஷமாக என் கதையில் அந்த முட்டி கிடையாது, சம்பந்தி. நல்லவன் ஒருத்தன் பூவோடு போகிறான், கெட்டவன் ஒருத்தன் தடுக்கிறான் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

"நான் பண்ணதும் தப்புதான்," என்றீர்கள். "கோவத்துல பூ வாடற வரைக்கும் நிக்க வெச்சிருக்கக் கூடாது. பர்தோன்." அன்று கையை நிமிர்த்தவில்லை. மீன் பையின் மேலேயே வைத்திருந்தீர்கள்.

"ரொம்ப வலிச்சிதா?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளு நொண்டனேன். சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்னு வீட்ல சொன்னேன்."

அதைக் கேட்டு நான் ஆரம்பித்த சிரிப்பு உங்களையும் பிடித்துக்கொண்டது. எஞ்சினை நிறுத்திவிட்டேன். லாரி தானாக நகர்ந்து, பின்னால் இருந்த ஆட்டோக்காரர்கள் எல்லாரும் கத்துகிற வரைக்கும் சிரித்தோம். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தீர்கள். அந்த வெள்ளைக் காய் அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும். மகள் எழுந்திருக்கச் சொன்னதும் கையில் இருந்ததைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். இன்றைக்குத்தான் எனக்கு இது புரிகிறது.

ஷந்தால் ஒரு மாதம் நம்மைக் காக்க வைத்தாள். பிறகு போனில் சொன்னாள். இரண்டும் நடக்கும். இரண்டுக்கும் இரண்டு தாத்தாக்களும் வர வேண்டும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

காது குத்து முதலில் வந்தது. அய்யனார் கோயிலில் எங்கள் பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். நீங்கள் வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை, காலில் பளபளக்கும் ஷூவோடு வந்து இறங்கி, வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, சுடுகிற மணலில் தத்தித் தத்தி வந்தீர்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியது தாய்மாமன். ஷந்தால் உங்களுக்கு ஒரே பிள்ளை. தாய்மாமன் இடத்தில் அவளுடைய அப்பா உட்காரட்டும் என்று நான் சொல்லியிருந்தேன்.

பெரியண்ணன் சன்னதிக்கு முன்னால் வந்து குறுக்கே நின்றார். "தாய்மாமன் இல்லன்னா நம்ம சொந்தத்துல வேற ஒருத்தன உக்கார வெக்கணும். இவரு எப்படி இங்க உக்காருவாரு?" என்றார். சத்தம் உயரவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. நீங்கள் குழந்தைக்காக நீட்டிய கையை மடக்கிக்கொண்டீர்கள். உங்கள் மகள் முகம் கறுத்துவிட்டது. செந்தில் என்னைப் பார்த்தான்.

பழைய ஆளாக இருந்தால் நான் அண்ணனோடு நெஞ்சுக்கு நெஞ்சு நின்றிருப்பேன். பூ வாடின கதையிலிருந்து சொத்து பிரித்த கதை வரைக்கும் எல்லாம் வெளியே வந்திருக்கும். பாதிப் பேர் சாப்பிடாமல் போயிருப்பார்கள். வாய் வரைக்கும் வந்தும் விட்டது. ஆனால் அந்த நேரம் என் கண் அண்ணன் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது. எப்படி நகர்ந்தது என்று எனக்கே தெரியாது. வேப்ப மரத்தடியில் ஆசாரி ஊசியும் தோடும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மரத்துக்குப் பக்கத்தில் என் அண்ணி, குழந்தையை வாங்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனுக்கு நான் பதிலே சொல்லவில்லை. "வெயிலு ஏறுது, கொழந்த தாங்காது," என்று சொல்லிக்கொண்டே மணையைத் தூக்கி வேப்ப மரத்தடியில் போட்டேன். "சம்பந்தி, நெழலுக்கு வாங்க, இப்படி உக்காருங்க." நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். "அண்ணி, கொழந்தையக் குடுங்க, ஆசாரிக்கு நேரமாவுதாம்." அண்ணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கொண்டுவந்து உங்கள் மடியில் வைத்துவிட்டு, "தலைய கெட்டியாப் புடிச்சிக்குங்க அண்ணே," என்றார்கள். பெரியண்ணன் அங்கே சன்னதி வாசலில் யாரும் வராத வழியை அடைத்துக்கொண்டு நின்றார். அவருடைய மனைவியே வைத்த குழந்தையை அவர் எப்படி எடுக்கச் சொல்வார்? கொஞ்ச நேரம் கழித்து அவரும் மரத்தடிக்கு வந்து, ஆசாரிக்கு வெளிச்சம் மறைக்கிறது என்று எல்லாரையும் விலகச் சொன்னார்.

ஊசி ஏறியதும் குழந்தை ஒரு சத்தம் போட்டு நிறுத்திவிட்டாள். நீங்கள்தான் நிறுத்தவில்லை. கண்ணீர் உங்கள் மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் நான் சர்க்கரைத் தட்டோடு குனிந்தபோது என் காதருகில், "நல்ல ஆட்டம், சம்பந்தி," என்றீர்கள். ஷந்தால் பலகையைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்த வழி அது. எனக்கு முதன்முதலாகக் கைகூடியது கோயிலில்தான், உங்கள் முன்னால்தான்.

அடுத்த மாதம் ஞானஸ்நானத்துக்கு உங்கள் கோயிலில் நான் மெழுகுவர்த்தி பிடித்து நின்றேன். எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று நீங்கள் என் வேட்டி நுனியை இழுத்து இழுத்துச் சொன்னீர்கள். உருகின மெழுகு கையில் சொட்டி நான் "ஐயோ" என்றதும் சாமியார் ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். வீட்டுக்கு வந்து அலமாரி மேல் இருந்த ஆட்டப் பலகையை இறக்கினோம். மகள் அனுமதி கொடுத்துவிட்டாள். எந்த இடத்தில் யார் முறை என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. கலைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தோம். அப்போதுதான் ஒரு வெள்ளை குறைகிறது என்று நீங்கள் சத்தம் போட்டீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை சனிக்கிழமைகள். நான் எத்தனை ஜெயித்தேன் என்று கேட்டால் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லமாட்டீர்கள். இப்போது சம்பந்தியம்மா என்னோடு ஆடுகிறார்கள். இத்தனை வருஷம் காபி கொண்டுவருகிற சாக்கில் நின்று நின்று எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் தடுப்பதே இல்லை. நான் எங்கே போனாலும் போகவிடுகிறார்கள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் நான் போன இடத்தைத் தவிர மற்ற எல்லா இடமும் அவர்களுடையதாக இருக்கிறது. "அவுரு கிட்ட இப்படி ஆடியிருந்தா கோச்சிக்குவாரு, அதான் ஆடல," என்று போன வாரம் சொன்னார்கள். உங்களுக்கு இது தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு நெஞ்சு வலி வந்ததும் சம்பந்தியம்மா எனக்குத்தான் போன் செய்தார்கள். நான் காய்கறியோடு பாதி வழியில் இருந்தேன். உங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கவுன்டரில் இருந்த பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"நீங்க பேஷன்ட்டுக்கு என்ன உறவு சார்?"

"சம்பந்தி."

"அண்ணன் தம்பியா?"

"இல்லம்மா. என் மகன் அவங்க பொண்ண கட்டியிருக்கான்."

அவள் பேனாவோடு யோசித்தாள். படிவத்தில் அதற்கு இடம் இல்லை போலிருக்கிறது. என் வாழ்க்கையில் உறவுக்காரர்கள் நிறைய. பங்காளி, மாமன், மச்சான். ஸ்டாண்டில் கூட நின்று டீ குடித்த டிரைவர்கள் உண்டு. ஆனால் ஒரே ஒரு ஆளைப் பார்க்கவென்று வாரா வாரம் கிளம்பிப் போகிற பழக்கம் எனக்கு ஐம்பத்தாறு வயதில்தான் வந்தது. "நண்பர்னு எழுதிக்கம்மா," என்றேன். யாரிடமும் அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னால் சொன்னதில்லை. சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

கட்டிலில் நீங்கள் தெளிவாக இருந்தீர்கள். நர்ஸ் பெண்ணுக்கு ஒவ்வொரு ஊசிக்கும் "மெர்சி" என்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் இருந்தது இரண்டு நாள்தான், ஆனால் அன்று நம் இருவருக்கும் அது தெரியாது.

"கவுன்டர்ல என்னா கேட்டாங்க?" என்றீர்கள்.

"உறவு கேட்டாங்க. நண்பர்னு எழுதச் சொன்னேன்."

நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"சரியா எழுதனாங்களான்னு பாத்தீங்களா? இவங்க அவசரத்துல தப்புத் தப்பா எழுதுவாங்க. போயி ஒரு தடவ பாத்துட்டு வாங்க."

திரும்பிப் போய்ப் பார்த்தேன், சம்பந்தி. சரியாகத்தான் எழுதியிருந்தாள். ஒரு நகல் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். இன்னும் அது என் டிரைவிங் லைசென்ஸ் உறையில், வண்டி போகிற இடமெல்லாம் வருகிறது.